கண்ணாடி போட்ட புகைபோக்கிக்காரி

எங்கள் ஸ்தாரோவா ஊரில் ஒருவன் ஒரு கையால் கோட்டுப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டு, எதிரில் வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தபடி தெருவில் ஓடினால், யாரும் அவனைப் பைத்தியம் என்று சொல்லமாட்டார்கள். "பாவம், இன்னும் கண்ணாடிக்காரர் கிடைக்கல போலிருக்கு" என்று வழிவிடுவார்கள்.

விதி எளிது. புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் கறுப்பு உடுப்பும் தோளில் ஏணியுமாக எதிரே வந்தாரா, உடனே உன் உடம்பில் இருக்கிற பொத்தான் ஒன்றைப் பிடி. மனத்துக்குள் ஓர் ஆசையை நினை. கண்ணாடி போட்ட யாரையாவது பார்க்கும்வரை பொத்தானை விடாதே. பார்த்ததும் விடு, ஆசை பலித்துவிடும். ஆனால் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிப் பிழைக்கிற ஊரில் கண்ணாடி போட்டவர்களுக்கு எங்கே போவது? தபால் நிலையத்து விக்டர்தான் கதி. ஒற்றைக் கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள், அவர் முகத்தைப் பார்ப்பார்கள், "அப்பாடா" என்று பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

"ஸ்டாம்பு வாங்க வந்தியா, என் மூக்கைப் பாக்க வந்தியா?" என்று விக்டர் எரிந்து விழுவார். அவர் எரிந்து விழுந்தால் பலன் இரட்டிப்பு என்று சொல்கிறவர்களும் உண்டு.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மதுக்கடையில் கேட்டால், கூரை உச்சியில் நிற்கிறவர் கடவுளுக்குப் பக்கத்தில் நிற்கிறார், நம் ஆசையை அப்படியே மேலே சொல்லிவிடுவார் என்பார்கள். பாதிரியார் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வருஷத்துக்கு ஒருமுறை பிரசங்கம் வைப்பார். அதை வைத்துவிட்டு வெளியே வந்து ஏணியைக் கண்டால் அவர் கையும் அங்கிக்குள் போகும். அவருக்கென்ன, அங்கியில் முப்பத்துமூன்று பொத்தான்.

முப்பது வருஷம் எங்கள் ஊர்ப் புகைபோக்கிகளைத் தேய்த்த கெரார்ட் மட்டும் சிரிப்பார்.

"அந்தக் காலத்துல எல்லாம் மரவீடு, வைக்கோல் கூரை. ஒரு பொறி பறந்தா தெருவே சாம்பல். நாங்க வந்து கரியைத் தேய்ச்சுட்டுப் போனா அந்த வருஷம் வீடு எரியாம நிக்கும். அதான்யா அதிர்ஷ்டம். எங்க மேல தொட்டுக் கும்பிடலாம்னு வந்தவன் பாத்தான், உடம்பு பூரா கரி, பளபளன்னு இருந்தது பட்டன் ஒண்ணுதான். அதைத் தொட்டான். அப்புறம் வந்தவனுக்கு அதையும் தொடக் கூச்சம், தன் பட்டனையே தொட்டுக்கிட்டான். கண்ணாடியை எந்தக் குடிகாரன் சேத்தானோ, அது எனக்குத் தெரியாது."

ஆக, ஊர் காரணத்தை மறந்துவிட்டது, பொத்தானை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நான் இந்த ஊர்க்காரன், எனக்கும் இதில் பங்கு உண்டு. அதனால் கோபமாகச் சொல்கிறேனே தவிர, வெளியூர்க்காரன் யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

இந்தக் கதை கெரார்டைப் பற்றியது அல்ல, அவர் மனைவி ஒத்திலியாவைப் பற்றியது. ஆறு வருஷத்துக்கு முன் ரொட்டிக்கடைக் கூரையிலிருந்து விழுந்து கெரார்டின் இடுப்பு ஒடிந்தது. அந்த வருஷக் குளிர்காலத்துக்கு ஊருக்குப் புகைபோக்கிக்காரர் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் ஒத்திலியா புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். தேர்வு எழுதப் போன இடத்தில் பத்தொன்பது ஆண்கள், அவள் ஒருத்திதான் பெண். அடுப்பில் எந்தப் பக்கம் நெருப்பு வரும் என்று கேட்டுச் சிரித்த ஆட்களுக்கு நடுவே மூன்றாவதாகத் தேறி வந்தாள். இரும்புக் குண்டும் தூரிகையும் கட்டின கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கூரை ஓட்டின்மேல் நடக்கிற நடையைப் பார்க்கவேண்டும். பூனை தோற்கும்.

அந்தக் குளிர்காலம் முதல் இந்தக் குளிர்காலம் வரை எங்கள் ஊரில் ஒரு புகைபோக்கியும் தீப்பிடிக்கவில்லை. ஆனாலும் அவளைப் பார்த்து ஒருவரும் பொத்தான் பிடித்ததில்லை. பெண் என்பது ஒரு காரணம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்ன காரணம் வேறு. ஒத்திலியா கண்ணாடி போட்டவள். பழுப்புச் சட்டம் போட்ட, பூதக்கண்ணாடி மாதிரித் தடித்த கண்ணாடி.

"யோசிச்சுப் பாரு," என்று தெருவில் விளக்குவார்கள். "அவளைப் பாத்ததும் பட்டனைப் பிடிக்கணும். பிடிச்ச அதே நொடி கண்ணாடி போட்டவளையும் பாத்தாச்சு, விட்டுடணும். பிடிச்ச கையோட விட்டா அதிர்ஷ்டம் எங்க தங்கும்?"

இதில் கொடுமை என்னவென்றால், கெரார்ட் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பால் வாங்கப் போனால் தெருவே பொத்தானைப் பிடிக்கும். ஆறு வருஷமாகக் கூரைப் பக்கம் தலைவைக்காத மனிதர்! கம்பளிச் சட்டையும் செருப்புமாகப் போகிறவருக்கு இந்த மரியாதை. பின்னாலேயே ஏணியோடு வருகிற ஒத்திலியாவைக் கண்டால் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார்கள். அவளுக்கு அது வலித்தது. வெளியே "எனக்கென்ன" என்று இருந்தாள். உள்ளே ஒரே ஒரு நாளாவது, ஒரே ஒரு ஆளாவது தன்னைப் பார்த்துப் பொத்தானைப் பிடிக்கமாட்டானா என்று ஏங்கினாள்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பிப்ரவரிக் கடைசிப் புதன்கிழமை தொடங்கியது. அதற்கு முந்தின சனிக்கிழமை ஹில்டா வீட்டுக் கல்யாணம். ஹில்டா சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்து, ஒரே மகள் உர்ஷுலாவைத் தனியாளாக வளர்த்தவள். உலா, உலா என்று ஊரே கூப்பிடும். தேவாலயத்துப் பாடகர் குழுவில் அவள் வாயைத் திறந்தால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று பாதிரியார் பயப்படுவார், அப்படி ஒரு குரல். மாப்பிள்ளை அலோய்ஸ் சுரங்கத்துப் பையன், பேண்டு வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுகிறவன். "இந்த வீட்டுல பேசறதுக்கு யாருக்குமே இடம் கிடைக்காது" என்று அப்போதே சொன்னார்கள்.

கல்யாணத்துக்காக ஹில்டா வீட்டையே புரட்டிப்போட்டிருந்தாள். சிவப்புச் சாயம் அடித்த பழைய மரச் சன்னல்களைப் பிடுங்கிவிட்டு, வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் சன்னல், இரட்டைக் கண்ணாடி. தெருவிலேயே முதல் வீடு. ஊசிமுனைக் காற்று உள்ளே வராது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினாள்.

வியாழக்கிழமை பாலாடைக்கட்டி வைத்த கல்யாண ரொட்டியோடு கெரார்ட் வீட்டுக்கு வந்தாள்.

"கெரார்ட் அண்ணே, சனிக்கிழமை காலைல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு எங்க வாசல்ல வந்து நில்லுங்க. உலா கோயிலுக்குக் கிளம்பறப்ப முதல்ல உங்க முகத்துல முழிக்கணும்."

"நான் கூரை ஏறி ஆறு வருஷம் ஆச்சு, ஹில்டா. இப்ப ஊருக்குப் புகைபோக்கிக்காரி இவதான்" என்று கெரார்ட் கரண்டியால் மனைவியைக் காட்டினார். வீட்டில் இப்போது சமையல் அவருடையது.

"ஒத்திலியா தங்கமானவ, நான் என்ன இல்லைன்னா சொன்னேன்? ஆனா இது நல்ல காரியம் பாருங்க. அதான்..." என்று ஹில்டா இழுத்தாள்.

ஒத்திலியா அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி, "அக்கா, அது கிடக்கட்டும். உங்க வீட்டுப் புகைபோக்கியைப் பாத்து ரெண்டு வருஷம் ஆகுது. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து பாத்துக்கட்டும்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டீங்க. கல்யாண வீட்டுல பத்துப் பேர் குளிப்பாங்க, கேஸ் கீசர் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நாளைக்கு ஒரு நடை வந்து பாத்துடறேனே?" என்றாள்.

"கல்யாணம் முடியட்டும்மா. புது சன்னல், புதுத் திரை. கரி பறந்துச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்குவேன்?"

சனிக்கிழமை காலை கெரார்ட் பீரோவிலிருந்து தன் பழைய கறுப்புக் கோட்டை எடுத்தார். இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். ஆறு வருஷச் சமையல் நடுவில் வந்து நின்றது. ஒத்திலியா முன்னாலிருந்து இழுத்தாள், அவர் மூச்சை உள்ளே இழுத்தார், மேல் பொத்தான் மாட்டியது, இரண்டாவது மாட்டியது, மூன்றாவது பட்டென்று தெறித்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கோழிச் சூப்புக்குள் விழுந்தது.

"போச்சு," என்றார் கெரார்ட். "அதிர்ஷ்டத்தை நாமளே குடிக்க வேண்டியதுதான். நீ போடீ."

"யோவ், அந்த அக்கா என்னை வாசப்படி மிதிக்க விடமாட்டா."

"வேற ஆள் இல்லைன்னா விடுவா. மாப்பிள்ளை பேண்டு வாத்தியத்தோட வந்துக்கிட்டிருப்பான். இனிமே போய்ப் பக்கத்து ஊர்ல தேடுவாளா?"

முடி சுருட்டுகிற கம்பிகளைத் தலையில் மாட்டியபடி ஹில்டா வாசலுக்கு வந்தாள். ஒத்திலியா துவைத்துத் தேய்த்த உடுப்பு, உயரமான தொப்பி, தோளில் ஏணி, கயிறு, குண்டு என்று முழு அலங்காரத்தில் நின்றாள்.

"அண்ணன் எங்க?"

"கோட்டு பத்தலக்கா."

ஹில்டா வானத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், ஒத்திலியாவை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, கேட்டுக்கு வெளியில நில்லு. உள்ள வந்து வெள்ளைத் துணி எதுலயும் உரசிடாத. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கண்ணாடியைக் கழட்டு."

"கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"நீ எதையும் பாக்க வேணாம்மா. உன்னைத்தான் மத்தவங்க பாக்கணும்."

வேறு நாளாக இருந்தால் ஒத்திலியா ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பாள். அவள் கோபக்காரிதான். ஆனால் ஆசை வெட்கம் அறியாது. கண்ணாடியைக் கழற்றி மேல்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

உலகம் கலங்கிப்போயிற்று. செங்கல் வீடு ஒரு சிவப்புத் தீற்றல், புது சன்னல்கள் நான்கைந்து வெள்ளைக் கட்டங்கள், கூரைக்கு மேல் எல்லாம் சாம்பல் நிறம். காது மட்டும் கூர்மையாயிற்று. மாடிக் குளியலறையில் உலா பாடிக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து சித்தி, சித்தப்பா, வெளியூர்ப் பெண்கள் என்று ஒன்பது பேர் குளித்து முடித்து, கடைசியாக மணப்பெண். அந்த இரட்டைக் கண்ணாடியையும் மீறிக்கொண்டு பாட்டு தெருவுக்கு வந்தது. சுவரோரக் குழாயில் குளித்த தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது.

விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். அப்போதுதான் அது நடந்தது. முதலில் வந்த தடித்த மனிதர் ஒருவர் நின்றார். அவர் முகம் ஒத்திலியாவுக்குத் தெரியவில்லை. கை மட்டும் மார்புக்குப் போவது தெரிந்தது. பின்னால் வந்த பெண்ணும் கோட்டைத் துழாவினாள். "புகைபோக்கிக்காரி! கண்ணாடி இல்லடா! பிடி, பிடி!" என்று ஒரு குரல். அப்புறம் பார்க்கவேண்டுமே! பிடித்தவர்களெல்லாம் கண்ணாடிக்காரரைத் தேடி ஓடினார்கள். விக்டரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். வேலியோரம் அவரை வளைத்துக்கொண்டார்கள்.

"கல்யாணச் சாப்பாடாவது நிம்மதியா சாப்பிட விடுங்கய்யா!" என்று விக்டர் கத்துவது கேட்டது.

ஒத்திலியாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆறு வருஷம்! ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பனிக்காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபது பேர் பிடித்திருப்பார்கள், முப்பது பேர் இருக்கும். சுரங்க மேலாளரே பிடித்தார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே அவளுக்கு ஒன்று உறைத்தது. பாட்டு நின்றிருந்தது.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. சுவரோரக் குழாயில் தண்ணீர் மட்டும் கொடகொடவென்று இறங்கிக்கொண்டே இருந்தது.

"ஹில்டா அக்கா, உலா பாட்டை நிறுத்திட்டாளே?"

"கல்யாணப் பொண்ணு, அழுதுக்கிட்டிருப்பா. நான் அழலையா என் கல்யாணத்துல? நேரா நில்லு, மாப்பிள்ளை முக்குல திரும்பிட்டான்."

தெருமுனையில் பேண்டு வாத்தியம் முழங்கியது. எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. ஒத்திலியா கூரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் சாம்பல் நிறம். கை மேல்பைக்குப் போனது. போட்டால் போயிற்று, இந்த முப்பது பேர் கையும் கீழே இறங்கிவிடும், இனி ஒருநாளும் ஏறாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மூச்சு நேரம் தயங்கினாள். அந்த ஒரு மூச்சுக்காக அவள் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஐயையோ, போட்டுட்டா!" என்று கூட்டம் அலறியது.

"கழட்டுடீ! என் குடியைக் கெடுக்காத! கழட்டு!" என்று ஹில்டா ஓடிவந்தாள்.

ஒத்திலியா பார்த்துவிட்டாள். கீசருக்கென்று கூரையில் தனியாக ஒரு தகரக் குழாய் உண்டு. விடியற்காலையிலிருந்து கீசர் எரிகிறது, அந்தக் குளிரில் குழாயிலிருந்து வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்பவேண்டும். ஆவி இல்லை. குழாயின் விளிம்பில் ஒரு காக்கை சுகமாக உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. கீழே குளியலறைச் சன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்தது. மேலே போகவேண்டிய புகை முழுக்க உள்ளே, உலாவோடு இருந்தது. ஊமைப்புகை என்போம் நாங்கள். நிறம் கிடையாது, நாற்றம் கிடையாது, இருமல் கூட வராது, தூக்கம்தான் வரும்.

விளக்கிச் சொல்ல நேரமில்லை. ஹில்டாவை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வெள்ளைக் கம்பளம் விரித்த முற்றத்து நடைபாதையில் சேற்றுப் பூட்சோடு ஓடினாள். ஏணியைக் குளியலறைச் சன்னலுக்கு நேராகச் சுவரில் சாய்த்தாள். கூட்டம் கைதட்டியது! ஏதோ கல்யாண வித்தை காட்டப் போகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். பேண்டுக்காரர்களும் அதற்கேற்ப மேளத்தைத் தடதடவென்று உருட்டினார்கள். அவள் நாலு எட்டில் மேலே போனாள், தோளிலிருந்த கயிற்றைக் கையில் சுற்றினாள், இரும்புக் குண்டை வீசி அந்தப் புத்தம்புது சன்னலில் அடித்தாள்.

மேளம் நின்றது.

"என் சன்னல்!" என்று ஹில்டா போட்ட கூச்சலில் காக்கை பறந்தது.

முதல் அடிக்கு வெளிக்கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவதுக்குக் கொட்டியது. உள்கண்ணாடி அசையவில்லை. நல்ல சன்னல்தான், ஹில்டா சொன்னதில் பொய் இல்லை. "உடையேன், சனியனே!" என்று கத்திக்கொண்டு மூன்றாவது அடி அடித்தாள். அது உடைந்தது. முகத்தைத் திருப்பி வெளிக்காற்றை மார்பு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு, கண்ணாடிச் சில்லு கையைக் கிழிக்க, உள்ளே குதித்தாள்.

உலா தொட்டிக்குள் சரிந்து கிடந்தாள். தண்ணீர் முகவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில், தூங்குகிற குழந்தை முகம். அந்த அழகான சிவப்பு ஊமைப்புகை ஏறின நிறம் என்று ஒத்திலியாவுக்குத் தெரியும். கீசரை அணைத்தாள். அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். ஈரத்தில் வழுக்கியது. மறுபடி இழுத்தாள். தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினாள், தாழ்ப்பாளைத் திறந்தாள், அதற்குள் அடக்கின மூச்சு முடிந்துவிட்டது. "அலோய்ஸ்!" என்று கத்தினாள்.

அந்த முரட்டுப் பையன் எக்காளத்தைத் தெருவில் எறிந்துவிட்டு மூன்று மூன்று படியாக ஏறிவந்தான். சுரங்கத்துப் பையன், பார்த்ததும் புரிந்துகொண்டான், ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பனிமுற்றத்துப் பெஞ்சில் கிடத்தினான். ஒத்திலியா வாயில் வாய்வைத்து ஊதினாள். கன்னத்தில் அறைந்தாள். மறுபடி ஊதினாள்.

"பாடுடீ," என்றாள். "ஊரே காதைப் பொத்திக்கற மாதிரி பாடுவியே, பாடுடீ!"

உலா இருமினாள். ஒருபக்கமாகத் திரும்பி வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி நின்ற நூறு பேரையும், மேலே கிடந்த கறுப்புக் கோட்டையும் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் மெல்ல. "தலை இன்னும் காயலம்மா."

ஹில்டா பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முற்றத்தில் நின்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். பெரிய மேளம் அடிக்கிறவர் மேளத்தின்மேலேயே சாய்ந்து விக்கி விக்கி அழுதார். விக்டர் பக்கத்து வீட்டுக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசி செய்தார். இன்னொரு பாட்டு பாடுகிற நேரம் போயிருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் போனபிறகு ஒத்திலியா குளியலறைக்குத் திரும்பிப் போனாள். சுவர் உச்சியில் காற்றுப் போவதற்கு விட்ட துளைக்குள் கையை விட்டு இழுத்தாள். ஒரு பழைய தலையணை வந்தது. வாசலில் ஹில்டா நின்றிருந்தாள்.

"நேத்து ராத்திரி நான்தான் அடைச்சேன்," என்றாள். "கல்யாணத்தன்னிக்கு அவளுக்குக் குளிருமேன்னு."

ஒத்திலியாவிடம் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. பழைய சன்னல் இடுக்கு வழியாகவாவது இத்தனை நாள் காற்று வந்தது, அதையும் அடைத்தாயே என்று கேட்டிருக்கலாம். இரண்டு வருஷம் என்னை வாசலோடு திருப்பினாயே என்று கேட்டிருக்கலாம். ஹில்டாவின் முகத்தைப் பார்த்தாள், தலையணையைக் கீழே வைத்தாள். கையில் ரத்தம் வடிவதை அப்போதுதான் கவனித்தாள். ஹில்டாதான் புதுத் திரையைக் கிழித்துக் கட்டுப்போட்டாள்.

அன்று மதியமே தெருவில் ஒரு வேடிக்கை. ஒவ்வொருவராக ஒத்திலியா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் கையில் பழைய கம்பளிக் காலுறை, ஒருத்தி கையில் சுருட்டிய செய்தித்தாள், இன்னொருத்தி கையில் மாமியாரின் பாவாடை. எல்லாம் அவரவர் வீட்டுக் காற்றுத்துளையிலிருந்து பிடுங்கினவை. பாதிரியார் வீட்டுச் சமையல்காரி கொண்டுவந்தது அவருடைய பழைய அங்கி. கெரார்ட் எழுந்து எழுந்து திறந்து மாளாமல் கதவைத் திறந்தே வைத்துவிட்டார்.

"பாவமன்னிப்பு கேக்கறது இங்கயா, கோயில்லயா?" என்று கேட்டு ஒவ்வொருவரையும் ஓட்டினார்.

உலா தேறிவிட்டாள். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை தவக்காலம், அதற்குப்பின் ஈஸ்டர்வரை கல்யாணம் கிடையாது. செவ்வாய்க்கிழமையே வைத்துவிடுவது என்று அலோய்ஸ் பிடிவாதமாக இருந்தான். எக்காளம் நசுங்கிப்போயிருந்தது, பரவாயில்லை, ஊதுவேன் என்றான்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஒத்திலியா ஏணியோடு ஹில்டா வீட்டுக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். ஹில்டா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கறுப்பு உடுப்பு, கட்டுப்போட்ட கை, பழுப்புக் கண்ணாடி, எதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"படி எல்லாம் பனி உறைஞ்சு கிடக்கு," என்றாள். "ஏணி வழுக்கும். நான் பிடிச்சுக்கறேன், நீ ஏறு."

ஒத்திலியா ஏறினாள். தகரக் குழாயைப் பிரித்தபோது உள்ளே முழங்கை ஆழத்துக்குச் சுள்ளி, பஞ்சு, நூல், போன வசந்தத்துக் காக்கைக் கூடு. பிடிப்பிடியாக அள்ளிக் கீழே போட்டாள். சுள்ளியும் கரியும் ஹில்டாவின் தலையில் கொட்டின. தெருவிலேயே சுத்தக்காரி, நாளைக்கு மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் கரியாக, அசையாமல் நின்றாள். வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. மேலே கண்ணாடி பளபளக்க நின்ற ஒத்திலியாவைப் பார்த்து, பிடிக்கலாமா கூடாதா என்று முப்பது கைகள் தவித்துக்கொண்டிருந்தன.

தபால் பையோடு போய்க்கொண்டிருந்த விக்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஹில்டா! நாளைக்குக் கல்யாணம், புகைபோக்கிக்காரி உன் கூரை மேலயே நிக்கறா, கண்ணாடிக்காரன் நானும் எதிர்ல நிக்கறேன். பட்டனைப் பிடிக்கலையா நீ?"

ஹில்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கை ரெண்டும் ஏணில இருக்கு, தெரியல?" என்றாள். "வாயை மூடிக்கிட்டு வந்து அந்தப் பக்கத்தைப் பிடிங்க."

விக்டர் பையை இறக்கி வைத்துவிட்டு வந்து பிடித்தார்.